5000 பாட்டும் ஒரு விடுபட்ட பெயரும்

(நம் குடியிருப்போர் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் பொது அறைக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி வைத்தோம். பார்க்கப் பழைய டிரான்சிஸ்டர் மாதிரி இருக்கும், உள்ளே 5000 பழைய பாட்டு. தண்ணீர் லாரி, லிஃப்ட், வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இப்போது அதிகப் பேச்சு அதைப் பற்றித்தான். இத்தனைக்கும் பெரும்பாலான சண்டை, அறுபதுகளில் வந்த விஸ்வநாதன் – ராமமூர்த்தி பாட்டுகளைப் பற்றியது. இருவரையும் பிடிக்காதவர் இங்கே யாரும் கிடையாது. அப்புறம் எதற்குச் சண்டை என்று பார்த்துச் சொல்லும்படி செயற்குழு என்னைக் கேட்டது.

ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து அந்த அறையில் உட்காரும் குழுவுக்குப் பெட்டி பிடித்துவிட்டது. அடுத்து என்ன பாட்டு வரும் என்று தெரியாமல் காத்திருப்பதே அவர்களுக்குச் சுகம். வேண்டிய பாட்டுக்கு நேராகப் போக முடியவில்லையே என்பது இன்னொரு தரப்பு. இதில் நான் நடப்பவர்கள் பக்கம். வேண்டிய பாட்டைத் தேடிக் கேட்கக் கைபேசி இருக்கிறது.

கொஞ்சம் கனமான குறை, "பாட்டு அதுதான், ஆனால் அது இல்லை" என்பது. தியேட்டரில் கேட்ட சரணம் ஒன்று காணோம் என்கிறார்கள். அன்றைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். படத்தில் ஐந்து நிமிடம் ஓடிய பாட்டை ஒன்று சுருக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். தொகுப்புகள் பெரும்பாலும் இசைத்தட்டிலிருந்து வருபவை. உங்கள் நினைவில் இருப்பது திரைப் பாட்டு. இரண்டுமே அசல்தான்.

ஒலி விஷயம் வேறு. அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக இருந்து, எல்லாம் சேர்ந்து ஒரே தடத்தில் பதிவானது. ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஒரு ஒலிப்பதிவையே பாட்டுக் காட்சியாக வைத்தார்கள். டி.எம். சௌந்தரராஜனும் எம்.எஸ்.வி.யும் அதில் தோன்றுவார்கள். பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். மங்களமூர்த்தியின் அக்கார்டியனும் நோயல் கிராண்டின் டிரம்ஸும் பாடகர் குரலோடு அப்படித்தான் ஒன்றாகக் கலந்தன. அதைப் பிற்பாடு இடது வலது என்று பிரித்து, எதிரொலி சேர்த்து விற்கும்போது பழைய காதுகளுக்கு உறுத்துகிறது. காது மந்தமான நம் தாத்தா ஒருவரோ, இப்போதுதான் வார்த்தை தெளிவாகக் கேட்கிறது என்கிறார். அவரையும் தப்பு சொல்ல முடியாது. 'கர்ணன்' படத்தை 2012இல் புதுப்பித்து வெளியிட்டார்கள். ஒலியையும் இன்றைய தியேட்டருக்கு ஏற்ப மாற்றினார்கள். அது நூறு நாளைத் தாண்டி ஓடியது, புதிதாகப் பார்த்தவர்களுக்கு 1964ஆம் ஆண்டுப் பாட்டு பிடித்துப் போனது. பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகளுக்கும் இதே தகராறு உண்டு. 2009இல் ஒற்றைத் தட ஒலியில் ஒரு பெட்டி, ஸ்டீரியோவில் ஒரு பெட்டி என்று இரண்டாகவே வெளியிட்டார்கள். நமக்கும் யாராவது அப்படிச் செய்தால் தேவலை.

ஆனால் எனக்குத் தூக்கம் வராமல் செய்த கேள்வி இதெல்லாம் இல்லை. பி பிளாக்கில் நாற்பது வருஷம் குழித்தறியில் பட்டு நெய்த ஒரு பெரியவர் இருக்கிறார். பெட்டியோடு வந்த பெயர்ப் பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தவர், "விஸ்வநாதன் இருக்கார். ராமமூர்த்தி எங்கப்பா?" என்று கேட்டார்.

பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். டி.கே. ராமமூர்த்தி திருச்சிக்காரர், வயலின் வித்வான், எம்.எஸ்.வி.யைவிட ஆறு வயது மூத்தவர். இருவரும் சி.ஆர். சுப்பராமனிடம் வேலை பார்த்தவர்கள். 1952இல் அவர் இளம் வயதிலேயே காலமானதும், பாதியில் நின்ற படங்களை இருவருமாக முடித்துக் கொடுத்தார்கள். அதே வருஷம் கலைவாணர் இயக்கிய 'பணம்' படத்தில் ஜோடிப் பெயர் வந்தது. 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூன்றும் 1961 என்ற ஒரே வருஷத்தில்! பிறகு 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை'. 1963இல் 'மெல்லிசை மன்னர்கள்' பட்டம் இருவருக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது. 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள்.

எம்.எஸ்.வி. அதற்குப் பிறகு தனியாகச் செய்தது பெரிய சாதனை. அவர் பெயர் முன்னால் நிற்பது நியாயம் என்று ஏ பிளாக் நண்பர்கள் வாதாடுகிறார்கள். நிற்கட்டும். ஆனால் 1965 வரை வந்த பாட்டையும் அவர் ஒருவர் பெயரில் போட்டால் அது நியாயமில்லை. பல தொகுப்புகளில் இதுதான் நடக்கிறது. ராமமூர்த்தி தனியாகவும் இசையமைத்தார்: 'சாது மிரண்டால்', 'நான்', 'மூன்றெழுத்து', 'தங்கச் சுரங்கம்'. அந்தப் பாட்டுகளைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "எம்.எஸ்.வி. எம்.எஸ்.வி.தான்" என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் பெரியவருக்கு இது ஏன் உறைத்தது? சின்ன வயதில் அவர் அப்பாவின் தறியில் கரைப் பக்கம் உட்கார்ந்தவர். கோர்வைச் சேலை உங்களுக்குத் தெரியும், உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒவ்வொரு இழைக்கும் பக்கத்தில் இருப்பவர் கரை நாடாவைப் போட்டுக் கொடுத்தால்தான் உடலும் கரையும் கோத்துக்கொள்ளும். "நல்லா நெஞ்ச சேலைய இழுத்துப் பாருங்க, சேர்ந்த எடம் பிரியாது. ஆனா நெஞ்சது யாருன்னு கேட்டா அப்பா பேரத்தான் சொல்லுவாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். தறிமேட்டில் ஓடிக்கொண்டிருந்த இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று எல்லாப் பெயரையும் சொல்வார்கள். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரலெல்லாம் இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் ராமமூர்த்தி பெயர் அப்படித்தான் தெரிந்தது. பெட்டி பாடுகிறது, பெயர் சொல்வதில்லை.

ஆகவே செயற்குழுவிடம் நான் கேட்பது இதுதான். பெட்டியைத் திருப்பித் தர வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு மணி நேரம், பென் டிரைவில் நாமே பத்துப் பாட்டு போட்டுக் கேட்போம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு பிள்ளை எழுந்து படம், வருஷம், பாடியவர், எழுதியவர், இசை என்று ஒலிபரப்பாளர் மாதிரி அறிவிக்க வேண்டும். விவரம் சேகரித்துக் கொடுக்க நானும் பி பிளாக் பெரியவரும் தயார். முதல் மாலைக்கு ஐந்து பாட்டு இருவரும் சேர்ந்து செய்தது, மூன்று ராமமூர்த்தி, இரண்டு எம்.எஸ்.வி. இந்தக் கணக்கில் ஏ பிளாக்குக்கு ஆட்சேபணை இருந்தால் காபி கொடுக்கும்போது பேசிக்கொள்ளலாம். அறிவிப்பாளராக விருப்பமுள்ள பிள்ளைகள் இப்போதே பெயர் கொடுக்கலாம், நோட்டு செயலாளர் கையில் இருக்கிறது.