பூட்டிய வீடும் புகையாத அடுப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் புலவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, தந்தையார் மறைந்தபின் ரயில்வேயில் எழுத்தராக அமர்ந்தவர் நாம். இலக்கியம் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தால் கைகூப்பி விலகியிருப்போம். அவரோ, "விஜயபுரத்துப் பக்கத்துச் செய்தி ஏதேனும் சொல்லுங்கள்" என்றார். வரவு, செலவு, இருப்பு என்று நாள்தோறும் எண்ணிப் பழகிய கைக்கு எண்ண மட்டுமே தெரியும். ஆகவே சென்ற பொங்கல் விடுமுறையில் ஊரில் எண்ணியதையே இந்த அவையின்முன் வைக்கிறோம். நாம் எண்ணியவை வீடுகள்.

நம்மில் பலர் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்களே. அறியாத இளைஞர்களுக்காகச் சில சொற்கள். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் பாதையில் திருத்தணியும் பொன்பாடியும் கடந்தால் ஆந்திர நாடு தொடங்கும். பலகை கொள்ளாத நீண்ட பெயரையுடைய வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை வரும். பிறகு ஏகாம்பரகுப்பம், நகரி, புத்தூர். நகரி மூக்கு என்னும் மலைமுகடு வானத்தைப் பார்த்துக் கிடக்கும். அந்த வட்டாரத்தில், தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தை ஒட்டிய ஓரத்தில் இருப்பதே விஜயபுரம் மண்டலம். நெல்லும் நிலக்கடலையும் கரும்பும் மாவும் விளையும் மண். அருகே நகரியிலும் புத்தூரிலும் தறியோசை. சந்தையில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக இரண்டு மொழிகளும் அண்ணன் தம்பியாய்ப் பழகும் இடம்.

அங்கே நாம் பிறந்த தெருவில் 34 வீடுகள். காலையில் ஒரு குறிப்பேட்டுடன் தெருக்கோடியிலிருந்து நடந்தோம். 13 வீடுகளில் பூட்டு. 9 வீடுகளில் முதியவர் ஒருவரோ இருவரோ மட்டும். எஞ்சிய 12 வீடுகளில்தான் குடும்பம் என்று சொல்லத்தக்க குடும்பம். அந்தப் பன்னிரண்டிலும் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தவை ஐந்தே. தெருவின் நடுவில் நின்றுகொண்டு இந்தக் கணக்கைக் கூட்டியபோது, திண்ணையில் இருந்த மூதாட்டி ஒருவர், "என்ன தம்பி, எந்த வீட்டை விற்கப் போகிறார்கள்?" என்று கேட்டார். குறிப்பேட்டோடு வருபவன் விலை பேசவே வருவான் என்னும் நிலைக்குத் தெரு வந்துவிட்டது.

நம் இளமையில் அந்தத் தெரு எப்படியிருந்தது! ஒரு கூரையின்கீழ் மூன்று தலைமுறை. திண்ணையில் பாட்டனார், கூடத்தில் தறி, தாழ்வாரத்தில் நெல் மூட்டை, புறக்கடையில் மாடு. வீடு சிறிது, ஆள் மிகுதி. மழை நாளில் ஓட்டின் ஒழுக்கலுக்குப் பாத்திரம் வைப்பதற்கும் இடம் இராது. இன்றோ வீடு பெரிது, ஆள் இல்லை.

இதனால் ஊரில் வீடுகள் குறைந்துவிட்டன என்று எண்ணிவிடாதீர்கள். வீடுகள் பெருகியே இருக்கின்றன. ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் ஆந்திர அரசு தொடங்கிய மனைத் திட்டத்தில், ஊரகத்தில் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு ஒன்றரை சென்ட் மனை கொடுத்தார்கள். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 435 சதுர அடி. ஒன்றரை சென்டில் 650 சதுர அடிக்குச் சற்று மேல். அதில் ஒரு குடும்பம் படுக்கலாம், சமைக்கலாம். தறி போட இயலாது, மாடு கட்ட இயலாது, பாட்டனாருக்குத் திண்ணையும் அமையாது. எனினும் ஆயுள் முழுதும் பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவருக்குத் தம் பெயரில் ஒரு பட்டா கிடைத்தது பெரும்பேறு. அதை நாம் குறை கூறோம். நாம் வியப்பது வேறு ஒன்று. ஒரே ஊரில் ஒரு பக்கம் ஒன்றரை சென்டில் ஐந்து பேர் நெருக்கி வாழ்கிறார்கள். மறுபக்கம் ஏழெட்டு சென்ட் வீடு பூட்டிக் கிடக்கிறது.

குடிக்கணக்கு எடுப்போர் வீடு என்பதையும் குடும்பம் என்பதையும் வேறு வேறாக வகுத்திருக்கிறார்கள். தனி வாயில் உடையது வீடு. ஒரே சமையலில் உண்டு வாழ்வோர் ஒரு குடும்பம். அதாவது வீட்டுக்கு வாயில் அடையாளம், குடும்பத்துக்கு அடுப்பு அடையாளம். நம் பாட்டிமார் "அந்த வீட்டில் எத்தனை அடுப்பு?" என்று கேட்பார்களே, அதே கணக்குத்தான். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் ஏறத்தாழ 33 கோடி வீடுகள். அவற்றுள் ஏறத்தாழ இரண்டரைக் கோடி காலி. அந்நாளில் ஒன்றுபட்டிருந்த ஆந்திரத்தில் ஒரு குடும்பத்துக்குச் சராசரி 4 பேர். தமிழ்நாட்டிலும் கிட்டத்தட்ட அதுவே.

பிறப்பும் குறைந்து வருகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஆந்திரத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.7 பிள்ளைகள், தமிழ்நாட்டில் 1.8. மக்கள் தொகை நிலையாக நிற்க 2.1 வேண்டும் என்பர். இரண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உடையோர் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாகாது என்று 1994-ஆம் ஆண்டு வகுத்த விதியை, ஆந்திரச் சட்டமன்றம் 2024-ஆம் ஆண்டு நீக்கிவிட்டது. பிள்ளைகள் மிகுதி என்று அஞ்சிய அரசு, முப்பது ஆண்டுகளுக்குள் பிள்ளைகள் குறைவு என்று அஞ்சத் தொடங்கிற்று. பிறப்போர் குறைவு, பிறந்தோரும் வேலை தேடி வெளியூர் செல்கிறார்கள். ஆகவே தெருவில் பூட்டுகள் மிகுகின்றன.

"பூட்டினால் என்ன? நம் வீடு, நம் பூட்டு" என்று சிலர் கேட்கலாம். அன்பர்களே, எல்லையில் வாழ்கிறவனுக்குத் தலைக்கணக்கு என்பது வெறும் எண் அன்று. 1953-ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் பிறந்தபின் எல்லைச் சிக்கல் எழுந்தது. படாஸ்கர் தீர்ப்பில், கிராமத்தை அளவாகக் கொண்டு, எம்மொழி பேசுவோர் மிகுதி என்பதையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்தார்கள். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகம் சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரம் சேர்ந்தது. அந்த வழக்கு முடிந்தது. நாம் ஆந்திரத்தின் நன்மக்களாய் வாழ்கிறோம், அதில் நமக்கு மனக்குறை இல்லை. ஆனால் அந்தக் கணக்கு இன்னும் ஓரிடத்தில் முடியவில்லை. அது பள்ளிக்கூடம்.

1949-ஆம் ஆண்டு மாகாணக் கல்வி அமைச்சர்களின் மாநாட்டில் ஒரு முடிவு செய்தார்கள். சிறுபான்மை மொழி பேசும் பிள்ளைகள் ஒரு பள்ளியில் 40 பேரோ ஒரு வகுப்பில் 10 பேரோ இருந்தால், தொடக்கக் கல்வியை அவர்களுடைய தாய்மொழியில் தர ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்பதே அது. 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-ஏ என்னும் பிரிவும் தாய்மொழித் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யும்படி மாநிலங்களைக் கேட்கிறது. சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு இவையே பற்றுக்கோடு. ஆனால் சட்டம் இருந்தென்ன? வகுப்பில் பிள்ளை இருக்க வேண்டுமே! பிள்ளை இருக்க வேண்டுமானால் அதன் தாய் தந்தையர் குடியிருக்க ஊரில் வீடு வேண்டும்.

இங்கே நம் குற்றம் ஒன்றை அவையறியச் சொல்ல வேண்டும்.

தந்தையார் கட்டிய வீட்டை 2013-ஆம் ஆண்டு பூட்டிவிட்டு, தாயாரை ரயில்வே குடியிருப்புக்கு அழைத்து வந்தோம். மூன்றாண்டு கழித்துத் தறிவேலை செய்யும் ஒருவர் தேடி வந்தார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. தமிழ் பேசும் குடும்பம். "கேட்கும் வாடகையைத் தருகிறேன் ஐயா, பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க வேண்டும்" என்றார். நாம் "தம்பியைக் கலந்து சொல்கிறோம், பாகம் பிரியவில்லை" என்று தட்டிக் கழித்தோம். அது வெளியில் சொன்ன காரணம். உள்ளே இருந்தவை இரண்டு. குடிவைத்தால் காலி செய்யமாட்டாரோ என்னும் அச்சம் ஒன்று. அவர் என்ன சாதியோ, தெருவார் என்ன சொல்வார்களோ என்னும் சிறுமை மற்றொன்று. அவர் இருமுறை வந்து பார்த்துவிட்டு வேறு ஊர் போய்விட்டார்.

அவ்வாண்டு, நாம் படித்த பள்ளியின் தமிழ்ப் பிரிவில் 38 பிள்ளைகள். 40-க்கு இரண்டு குறைவு. அடுத்த ஆண்டில் மேலும் குறைந்தது. இரண்டு ஆசிரியரில் ஒருவர் வேறிடம் சென்றார், அவருக்குப் பின் ஒருவரும் வரவில்லை. அந்த மூன்று பிள்ளைகள் வந்திருந்தால் எல்லாம் நிலைத்திருக்கும் என்று நாம் அளந்து பேசவில்லை. ஆனால் 38-உம் 3-உம் 41 என்பது எழுத்தருக்குத் தெரியாதா? தாயாரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றே கேட்டார்: "உன் அப்பா பூட்டுக் குடியிருக்கவா வீடு கட்டினார்?" அதற்கு இன்றளவும் நம்மிடம் விடையில்லை.

நம் பார்சல் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்து சேர்ந்த சரக்கை உரியவர் கெடுவுக்குள் எடுத்துச் செல்லாவிட்டால் 'வார்பேஜ்' என்னும் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதற்கான தண்டம் அது. பூட்டிய வீட்டுக்கும் அத்தகைய தண்டம் ஏறிக்கொண்டே இருக்கிறது. அதை வீட்டுக்காரன் செலுத்துவதில்லை. ஊர்ப் பள்ளி செலுத்துகிறது, மளிகைக் கடை செலுத்துகிறது, தனியே இருக்கும் அண்டை வீட்டு மூதாட்டி செலுத்துகிறார்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் அன்று. ஜப்பான் நாட்டில் 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 90 இலட்சம் வீடுகள் காலி. நாம் அறிந்து மகிழ்ந்த செய்தி ஆஸ்திரேலியாவைப் பற்றியது. சிட்னிக்கு மேற்கே நெடுந்தொலைவில் கம்நாக் என்னும் சிற்றூர். சுமார் 300 பேர் வாழும் ஊர். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கு ஆபத்து வந்தது. சுற்றிலும் பண்ணை வீடுகள் பாழடைந்து கிடந்தன. 2008-ஆம் ஆண்டு ஊரார் கூடி ஒரு முடிவு செய்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பம் வந்தால் வாரம் ஒரு டாலர் வாடகைக்கு வீடு. பழுது பார்த்துக்கொள்வது குடிவருபவர் பொறுப்பு. குடும்பங்கள் வந்தன, பிள்ளைகளும் வந்தார்கள். அரசாணை வரும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. வீட்டுக்காரர்களே சாவியை எடுத்து நீட்டினார்கள்.

நாம் டாலரும் கேட்க வேண்டாம், தானமும் செய்ய வேண்டாம். இந்தச் சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, பூட்டும் முன் ஒரு குடும்பத்தைத் தேடுங்கள். பிள்ளைகள் உள்ள குடும்பமாக இருக்கட்டும். அச்சமிருந்தால் வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்.  பாகம் பிரியாத வீடாயின் உடன்பிறந்தோர் எல்லோரும் கையெழுத்திடுங்கள், வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். சாதி கேட்கும் வாயை மூடிக்கொள்ளுங்கள். நாம் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தபோது வீடு தேடி எத்தனை வாயிலில் நின்றோம், எத்தனை கேள்விக்கு விடை சொன்னோம் என்பதை மறந்துவிட்டோமா?

இரண்டாவது, சங்கம் ஒரு பதிவேடு வைக்கட்டும். உறுப்பினர்களின் பூட்டிய வீடுகள் எங்கே, சாவி யாரிடம், ஓடு எப்படியிருக்கிறது என்று எழுதட்டும். வீடு தேடும் குடும்பங்களின் விவரமும் அதில் இருக்கட்டும். இந்த வேலையைக் கூலியின்றி நாமே செய்கிறோம். ஏடு எழுதுவது நமக்குப் பழக்கமான தொழில்.

மூன்றாவது, குடிக்கணக்கு. 2021-இல் நடக்க வேண்டியது பெருந்தொற்றினால் தள்ளிப்போய், 2027-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு நடக்கும் என்று 2025 ஜூன் மாதம் அறிவிப்பு வந்தது. வாழும் இடத்திலேயே நம்மை எண்ணுவார்கள். பிறந்த ஊரில் பெயர் வேண்டும் என்று இரண்டு இடத்தில் எழுதிக்கொள்வது பொய்க்கணக்கு, அதை எழுத்தர் ஒருவன் ஏற்கமாட்டான். ஆனால் தாய்மொழி என்ன என்று கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். வேலையிடத்துப் பழக்கத்தால் வேறு மொழியைச் சொல்லிவிடாதீர்கள். ஊரிலிருக்கும் முதியோருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நம் வீட்டுச் செய்தியைச் சொல்லி அமர்கிறோம். சென்ற ஆண்டு ஓடு மாற்றி, ஒரு குடும்பத்தைக் குடிவைத்தோம். இரண்டு பிள்ளைகள். பொங்கலன்று நாம் போனபோது நம் வாயிலிலேயே விருந்தினராய் நின்றோம். அடுப்பில் புகை, திண்ணையில் சிலேட்டு. பிள்ளை ஒன்று நம்மைப் பார்த்து, "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று தமிழில் கேட்டது. காலந்தாழ்ந்த செயல்தான். சென்ற ஆசிரியர் திரும்பவில்லை. எனினும் நம் குறிப்பேட்டில் பூட்டிய வீடுகள் 13 என்று எழுதினோமே, சென்ற ஆண்டு எழுதியிருந்தால் அது 14.

அடுத்த ஆண்டு விழாவில் அந்த எண் என்ன என்பது இங்கே அமர்ந்திருக்கும் நம் கைச்சாவிகளில் இருக்கிறது.