சொல்ல வேண்டியவர், சொல்லக் கூடாதவர்

சிறுசேரி சிப்காட்டில் வேலை முடித்து, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள், இளைஞர்களே.

அந்த அட்டை எல்லாக் கதவையும் திறப்பதில்லை. சர்வர் அறைக்கு ஓர் அனுமதி, சம்பளக் கணக்குக்கு வேறோர் அனுமதி. யாருக்கு எது தெரியலாம் என்று பிரித்து வைப்பதுதான் இந்த வட்டாரத்தில் பலருக்குப் பிழைப்பே. ஆனால் எச்.ஐ.வி. என்று வந்துவிட்டால் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. தெரிய வேண்டியவருக்குத் தெரிவதில்லை. தெரியக் கூடாதவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். ஆண்டு 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி செல்லப்பன் நிர்மலா காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் எண்பதுக்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பத்திரப்படுத்தி, ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. செய்தி சட்டமன்றம் வரை போனது, நாடே அதிர்ந்தது. அறிவியலுக்கு அது பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் எதற்காக இரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. பின்னாளில், தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்களைக் காவல் இல்லத்திலேயே அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றப் படியேறிய பிறகுதான் கதவு திறந்தது.

அடுத்த கதையும் சென்னையில்தான் தொடங்குகிறது. 1995இல் நாகாலாந்திலிருந்து ஒரு மருத்துவர், நோயாளி ஒருவருக்குத் துணையாக இங்குள்ள தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு வந்தார். அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் கொடுக்க முன்வந்தபோது அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. சேதி வெளியே கசிந்தது. நிச்சயித்த திருமணம் நின்றது. சொந்த ஊரில் தலைகாட்ட முடியாமல், வேலையை விட்டுவிட்டு அவர் சென்னைக்கே வந்து சேர்ந்தார். உச்ச நீதிமன்றம் 1998இல் அவரை ‘எக்ஸ்’ என்றும் மருத்துவமனையை ‘இசட்’ என்றும் மட்டுமே குறிப்பிட்டது. மணப்பெண்ணின் உயிர் பெரிது என்று சொல்லி, இழப்பீடு கேட்ட அவர் வழக்கை ஏற்க மறுத்தது. மணப்பெண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது நியாயம். ஆனால் அவர் வாழ்ந்த கோஹிமா முழுவதற்கும் ஏன் தெரிய வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நாட்டுக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. தொற்று இருப்பதைச் சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. பிறர் வெளியிடுவதானால் அவருடைய எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். வாழ்க்கைத் துணைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால், முதலில் நோயாளியிடம் எடுத்துச் சொல்லி, அவர் சொல்ல மாட்டார் என்று உறுதியான பிறகே துணையிடம் சொல்லலாம். பதிவேடு வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதைக் காக்க ஏற்பாடு செய்ய வேண்டும். நீதிமன்றத்தில்கூடப் புனைபெயரில் வழக்கு நடத்தலாம்.

சட்டம் வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. சாத்தூர் நடந்தது.

2018 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு இரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி இரத்த வங்கியிலிருந்து வந்த அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் 19 வயது இளைஞர். வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும், தன் இரத்தம் யாருக்கும் போய்விடக் கூடாதே என்று அவரே இரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ஏற்றிவிட்டிருந்தார்கள். 2016இல் அவர் இரத்த தானம் செய்தபோதே தொற்று தெரிந்திருந்தும், அவருக்கு அது சொல்லப்படவில்லை என்று அன்றைய செய்திகள் கூறின. அவரிடம் சொல்லத் தவறிய விஷயம் ஊருக்குப் போய்ச் சேர மட்டும் நாள் பிடிக்கவில்லை. தன்னை மாய்த்துக்கொள்ள முயன்ற அந்தப் பிள்ளை, டிசம்பர் 30 அன்று மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தார். எச்.ஐ.வி. அவரைக் கொல்லவில்லை. அதற்கு நல்ல மருந்து இருந்தது. 2004 ஏப்ரல் முதல் அரசு அதை இலவசமாகவே கொடுத்து வருகிறது.

அவர் பெயரை இந்த மேடையில் சொல்லப்போவதில்லை. ஊரையும் சொல்லப்போவதில்லை. பெயரை மட்டும் மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதுவது நம் செய்திகளில் பழகிப்போன வழக்கம். ‘பெயர் வெளியிடப்படவில்லை’ என்பார்கள். அடுத்த வரியிலேயே வயது, கிராமம், கணவரின் தொழில், எத்தனையாவது பிரசவம் எல்லாம் வரும். இருநூறு தலைக்கட்டு உள்ள ஊரில் அதற்கு மேல் பெயர் எதற்கு? டீக்கடைப் பெஞ்சில் பேப்பரை மடித்து வைப்பதற்குள் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

‘கணக்கு வேண்டாமா? மூடி மறைத்தால் பரவாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு கட்டாயம் வேண்டும். மருந்து வாங்கக்கூட அதுதான் ஆதாரம். ஆனால் கணக்குக்குப் பெயர் வேண்டாம். கர்ப்பிணிகளிடம் வழக்கமான பரிசோதனைக்கு எடுத்த இரத்தத்தில் மீதியிருப்பதைப் பெயர்ச் சீட்டை நீக்கிவிட்டு, வெறும் எண் ஒட்டிச் சோதித்தே பல ஆண்டுகள் தொற்றின் போக்கை இந்தியா அளந்தது. 2021 நிலவரப்படி நாட்டில் எச்.ஐ.வி. உள்ளோர் ஏறத்தாழ 24 லட்சம் பேர். அந்த எண்ணைச் சொல்ல ஒருவர் முகத்தையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. அந்த மருந்துக்கு அவர் வந்தாக வேண்டும். பெயர் வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் வருவார். பரிசோதனை மையத்துக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று தமிழ்நாட்டில் சும்மா பெயர் வைக்கவில்லை.

இங்கிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. 1993 முதல் எச்.ஐ.வி. உள்ளோருக்கும் புகலிடமானது. ஆந்திராவிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் இரவெல்லாம் பயணம் செய்து அங்கே வந்தவர்கள் ஏராளம். சிகிச்சைக்காக வந்தவர்கள் பாதி. தெரிந்த முகம் கண்ணில் படாத ஊர் என்று வந்தவர்கள் மீதி.

தானாகச் சொல்ல முன்வருபவர்களும் உண்டு. தனக்குத் தொற்று இருப்பதை நாடறியச் சொன்ன நாமக்கல் கௌசல்யா, 1998இல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். எப்போது, எந்த மேடையில், எந்தச் சொல்லால் சொல்வது என்பதை அவரே முடிவு செய்தார். வார்டு வராந்தாவில், கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதியதைப் பக்கத்துக் கட்டில்காரர் படித்துத் தெரிந்துகொள்வது அப்படிப்பட்டதல்ல.

நண்பர்களே, இந்தச் சட்டம் உங்கள் அலுவலகத்துக்குள்ளும் வருகிறது. வேலை தருவதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். மருத்துவமனை என்றால் இருபது பேர் இருந்தாலே போதும். சிறுசேரியில் நூறு பேர் இல்லாத மாடி எத்தனை இருக்கும்? நாளைக் காலை அட்டையைத் தட்டி உள்ளே போனதும் மனிதவளப் பிரிவில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நம் புகார் அலுவலர் யார்?’ பதில் வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். ஆலோசனை தேவைப்படும் ஒருவரை நீங்கள் அறிந்திருந்தால், அவரிடம் மட்டும் 1097 என்ற இலவச எண்ணைக் கொடுங்கள்.