அன்னையர் பயின்ற பள்ளி

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற மகளிர் நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரை)



தந்தை எங்கே பணியாற்றினார் என்று கேட்டால் பிள்ளைகள் தயங்காமல் விடை கூறுவர். தோட்டத்தின் பெயர், பட்டறையின் பெயர், ஓய்வு பெற்ற ஆண்டு வரை வரிசையாக வரும். தாய் எந்தப் பள்ளியில் பயின்றார் என்று கேளுங்கள். "ஏதோ ஆங்கிலப் பள்ளி", "கான்வென்டாக இருக்கலாம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். வீட்டில் எவரும் கேட்டதில்லை; அவரும் சொன்னதில்லை.

கேட்கத் தோன்றும் காலத்தில் அந்தப் பள்ளி பழைய பெயரில் இருப்பதில்லை. பழைய இடத்திலும் இருப்பதில்லை. சிங்கப்பூரில் 1887 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோபியா பிளாக்மோர் என்னும் சமய ஊழியர், ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது தமிழ்ச் சிறுமியரைக் கொண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதன் பெயர் தமிழ்ப் பெண்கள் பள்ளி. அதுவே பின்னர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக வளர்ந்து, சோபியா குன்றுக்குச் சென்று, 1992 இல் பிளாக்மோர் டிரைவுக்கு மாறியது. பெயரிலிருந்து 'தமிழ்' என்ற சொல் உதிர்ந்து நெடுங்காலம் ஆகிறது. தம் கொள்ளுப்பாட்டி தமிழ்ப் பெண்கள் பள்ளியில் பயின்றவர் என்று மட்டும் அறிந்த ஒருவர், இன்று அந்த வாயிலைக் கடந்து சென்றாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. சிரம்பானில் வாழும் அம்மையார் ஒருவர் தம் தாயாரின் தகரப் பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது, 1965 ஆம் ஆண்டின் பள்ளி விலகல் சான்றிதழ் ஒன்று கிடைத்தது. அதில் கண்ட பெயர், கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் பெண்கள் பள்ளி. தாயார் அதுவரை அப்பெயரை வீட்டில் உச்சரித்ததே இல்லை. கேட்டதற்கு, "முடிக்காத படிப்பைப் பற்றி என்ன பேச்சு?" என்றாராம்.

அப்படிப்பு எளிதாகக் கிடைத்ததன்று. தாயாரின் தந்தை செந்தூல் இரயில்வே பட்டறைத் தொழிலாளி. மகள் ஆறாம் ஆண்டு வரை பயின்றது தமிழ்ப்பள்ளியில். அக்காலத்தில் ஆறாம் ஆண்டின் இறுதியில் ஒரு தேர்வு உண்டு. 1964 இல் அது நீக்கப்படும் வரை, அதில் தேறியவர்களுக்கே அரசாங்க உதவி பெற்ற இடைநிலைப்பள்ளிகளில் இடம் கிடைத்தது. தேறிய தமிழ்ப்பள்ளி மாணவியும் நேரே முதல் படிவத்திற்குச் செல்ல இயலாது. ஓராண்டு புகுமுக வகுப்பில் ஆங்கிலம் பயின்றாக வேண்டும். "பெண்பிள்ளைக்கு இவ்வளவு தூரம் எதற்கு? அதுவும் வெள்ளைக்காரப் பாதிரிமார் பள்ளிக்கா?" என்று உறவினர் தடுத்தனர். வெள்ளிக்கிழமை தவறாமல் மகளைக் கோயிலுக்கு அழைத்துச் சென்ற அந்தத் தொழிலாளி, திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கும் அனுப்பிவைத்தார். இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக அவர் கருதவில்லை. மூன்றாம் படிவத்தில் எல்.சி.இ. தேர்வு எழுதியதும் திருமணம் நிச்சயமாயிற்று. ஐந்தாம் படிவத்தை அந்த மாணவி காணவில்லை.

மகள் பள்ளியைத் தேடிப் புறப்பட்டார். வரலாறு இதுதான். 1893 இல் கிறிஸ்தவ சமய ஊழியர்களால் சீனப் பெண்கள் பள்ளி என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 1930 இல் புக்கிட் பிந்தாங் சாலைக்கு வந்து, அவ்விடத்தின் பெயரையே ஏற்றது. தலைநகரின் நடுவே எழுபது ஆண்டுகள் எல்லா இனப் பெண்களுக்கும் கல்வி அளித்தது. 2000 ஆம் ஆண்டில் செராஸ், தாமான் ஷாமெலின் பெர்காசாவுக்கு மாற்றப்பட்டு, ஸ்ரீ பிந்தாங் உத்தாரா இடைநிலைப்பள்ளி என்று பெயர் பெற்றது. பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அந்நிலத்தில்தான் 2007 இல் பெவிலியன் பேரங்காடி திறக்கப்பட்டது.

தீபாவளிக்குத் துணி வாங்கத் தாயாரையே பலமுறை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறார் மகள். தாயார் ஒரு சொல் சொல்லவில்லை. வளர்ச்சி வேண்டாம் என்று எவரும் கூறார்; ஆயினும் ஒரு நூற்றாண்டைத் தாண்டிய பெண்கள் பள்ளி நகரின் நடுவே தன் இடத்திலேயே நின்றிருந்தால் கோலாலம்பூருக்குக் குறை ஏதும் வந்திராது.

இத்தகைய தேடலில் பெண்களின் பெயரே பெரிய தடை. லட்சுமி என்ற பெயர் எழுத்தரின் செவிக்கு எட்டியவாறு பலவிதமாக எழுதப்பட்டிருக்கும். தந்தையின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதம், பள்ளியில் ஒருவிதம். எனவே பெயரை மட்டும் நம்பாமல், சேர்ந்த ஆண்டு, வகுப்பு, உடன் பயின்றோர் ஆகியவற்றையும் முதலில் தாயாரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பள்ளிகள் அந்நாளில் ஆண்டுதோறும் வெளியிட்ட மலர்கள் பேருதவி புரியும். அவற்றில் வகுப்புப் புகைப்படங்களும் மாணவியர் பெயர்களும் இருக்கும். அவை நூலகங்களைவிடப் பழைய மாணவியரின் அலமாரிகளிலேயே மிகுதி. இந்த அம்மையாருக்கும் அவ்வழியே ஒரு புகைப்படத்தின் நகல் கிட்டியது.

அதற்கு முன் பள்ளிச் சின்னத்தைத் தாயாரிடம் காட்டினார். "நிசி டோமினஸ் ஃப்ரஸ்ட்ரா" என்று எழுத்துக்கூட்டாமலே சொன்னார் தாயார். இலத்தீன் மொழி, இறைவன் இன்றேல் எல்லாம் வீண் என்பது பொருள். "பட்டறையிலிருந்து வந்த அப்பாவுக்கு அன்றே இதைச் சொன்னேன். நம் கோயிலில் சொல்வதுதானே என்றார்" என்றாராம் அந்த மூதாட்டி.

இடம் அழிந்த செய்தியைத் தாயாரிடம் எப்படிக் கூறுவது என்று மகள் தயங்கியது வீண். அவருக்கு அது முன்பே தெரியும். பேரங்காடியின் எப்பகுதியில் தம் வகுப்பறை இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டே நடந்திருக்கிறார்.

புகைப்படத்தில் மூன்றாம் வரிசையில், பிழையாக அச்சிடப்பட்ட பெயரோடு, இரட்டைப் பின்னல் போட்ட மாணவியாக அவர் நிற்கிறார். கண்ணாடியை அணிந்துகொண்டு, தம் முகத்தைத் தாண்டி, இடப்புறமிருந்து ஒவ்வொரு தோழியின் பெயராகச் சொல்லத் தொடங்கினார். மகள் எழுதிக்கொண்டே வந்தார். முப்பத்தொரு பெயர்கள், இரண்டு மட்டுமே நினைவுக்கு வரவில்லை. மறுநாள் காலை அவற்றுள் ஒன்றும் வந்துவிட்டது.