பனங்காய் மணந்த சீருடை



1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது நாங்கள் எட்டாம் வகுப்பு. யாழ்ப்பாணத்தில் சவர்க்காரம் கிடைப்பது அருமை. கிடைத்தாலும் விலை கேட்க ஏலாது. பனங்காய்க் காலத்தில் வெள்ளைச் சீருடையைப் பனங்களியில் தோய்த்தோம். ஊத்தை போகும், மணம் போகாது. கொடியில் காயும் சட்டையை மாடு வந்து சப்பும். எங்களில் ஒருத்தி ஒரு கை இல்லாத சட்டையோடு வந்த அன்று, காலைப் பிரார்த்தனையில் ஒருவரும் கண்ணை மூடவில்லை.

ரீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சட்டையை மாடு திண்டது சரி. ரிபனையும் திண்டதோ?"

இரட்டைப்பின்னல், மடித்துக் கட்டிய ரிபன், முழங்காலுக்குக் கீழே சட்டை விளிம்பு. ஷெல் விழுந்த மறுநாளும் வாசலில் நின்று பார்த்தார். கொடுமை என்று முணுமுணுத்தோம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஆனால் ரிபன் கேட்க ஒருவர் நிற்கிறார் என்றால் நாளைக்கும் பள்ளிக்கூடம் உண்டு.

1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் நாவற்குழிப் பாலத்தால் நடந்தோம். வகுப்பு அன்றோடு சிதறியது. சிலரைப் பிறகு காணவேயில்லை. தென்மராட்சியில் ஒரு மரத்தடி வகுப்பில் ரீச்சரைக் கண்டோம்.

"ரிபன் எங்கே, பிள்ளையள்?" என்றார். பிறகு தன் பழைய சேலையொன்றின் கரையைக் கிழித்து, ஆளுக்கொரு துண்டு தந்தார்.