சார்ஜன்ட் மேஜர்



மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணத்துப் பெருவீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் நாலந்தையைக் கடந்து நாவுலையை அடைகின்றனர். இலங்கை இராணுவத்தின் விசேட படையணிக்கு அவ்வூரே தலைமையகம். இன்னும் சற்று வடக்கே சென்றால் சிகிரியாவில் விமானப்படை நிலையம் ஒன்றுண்டு. மாத்தளை நகரிலேயே 1803இல் ஆங்கிலேயர் கட்டிய மக்டோவல் கோட்டையின் வாயில் எஞ்சி நிற்கிறது. எனவே சீருடை என்பது இம்மாவட்டத்தாருக்குப் புதிய காட்சியன்று. ஆயினும், அச்சீருடையின் கையில் இருப்பதைக் கண்டு இவர் யார், எந்நிலையினர் என்று சொல்லக்கூடியவர் நம்முள் மிகச் சிலரே. தோளிலே நட்சத்திரம் இருந்தால் அதிகாரி என்று அறிவோம். கையிலே மூன்று பட்டிகள் இருந்தால் சார்ஜன்ட் என்று அறிவோம். இவ்விருவருக்கும் இடையே நின்று, படையின் அன்றாட வாழ்வைத் தம் குரலினாலும் கண்ணினாலும் நடத்திச் செல்லும் ஒருவர் உண்டு. அவர்தாம் வாரண்ட் உத்தியோகத்தர். மக்கள் வழக்கில் சார்ஜன்ட் மேஜர். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்த ஒருவன் அந்நிலையை எவ்வாறு அடைகிறான் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் பெயரைப் பார்ப்போம். அதிகாரிகளாகிய லெப்டினன்ட், கப்டன், மேஜர் முதலியோர் நாட்டின் தலைவரிடமிருந்து கொமிஷன் எனும் நியமனம் பெறுகின்றனர். இளவயதிலேயே தெரிவுசெய்யப்பட்டு, தியத்தலாவை போன்ற இடங்களில் பயிற்சி பெற்று, நேரே அதிகாரியாகப் படைக்குள் நுழைபவர்கள் அவர்கள். வாரண்ட் என்பதும் ஓர் ஆணைச்சீட்டே. ஆனால் அது வெளியிலிருந்து வருபவனுக்குக் கொடுக்கப்படுவதில்லை. கீழிருந்து படிப்படியாக ஏறி வந்தவனுக்கே உரியது. வாரண்ட் உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு, காவற்கடமையில் நின்று, தட்டை ஏந்தி உணவுக்கு வரிசையில் நின்ற சிப்பாயே.

இப்பதவியின் வேர் கடலிலே இருக்கிறது. பழைய ஆங்கிலக் கப்பல்களில் பீரங்கிப் பொறுப்பாளன், தச்சன், பாய்மரக் கயிறுகளின் தலைவன் ஆகியோர் வாரண்ட் பெற்றிருந்தனர். கப்பலை ஆண்டவர் பிரபுக் குடும்பத்துக் கப்டனாக இருக்கலாம். கப்பலை மிதக்க வைத்தவர்கள் இவர்களே. தரைப்படையில் இப்பதவி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்றது. முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்னும் பிரிவு முதல் உலகப் போரின்போது, 1915இல் ஏற்பட்டது. 1949ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி இலங்கை இராணுவம் அமைக்கப்பட்டபோது, இந்த ஏணியும் அப்படியே நம் நாட்டுக்கு வந்துசேர்ந்தது.

அதே ஆண்டில் கலைக்கப்பட்ட இன்னொரு படையையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1900இல் தொடங்கிக் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை அது. மலைநாட்டின் ஐரோப்பியத் துரைமார் அதில் சாதாரணச் சிப்பாய்களாகவே சேர்ந்தனர். 1914இல் அவர்களில் ஒரு பகுதியினர் எகிப்துக்குக் கப்பலேறினர். அவர்களுட் பலர் விரைவிலேயே பிரித்தானியப் படைகளில் அதிகாரிகளாயினர். அவர்களுக்கு ஏணி தேவைப்படவில்லை. பிறப்பும் பள்ளியும் ஒரே தாவலில் அவர்களை மேலே சேர்த்தன. அத்தகைய தாவல் இல்லாதவர்களுக்காகவே வாரண்ட் என்னும் மேற்படி இருக்கிறது என்று கொண்டால் தவறாகாது.

இனி ஏணிக்கு வருவோம். இறத்தோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் பதினெட்டு, பத்தொன்பது வயதில் காலாட்படையில் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி முடிந்ததும் அவன் வெறும் சிப்பாய். சில ஆண்டுகளில், ஒழுங்கும் சுறுசுறுப்பும் உடையவனாயின், ஒரு பட்டி பெற்று லான்ஸ் கோப்ரல் ஆகிறான். நேற்று வரை தோளில் கைபோட்டுப் பேசிய நண்பர்களுக்கு இன்று கட்டளையிட வேண்டும். இந்த முதற்படியிலேயே வழுக்கி விழுபவர் பலர். நட்பைக் காக்க விரும்பிக் கட்டளையை மறப்பவனும் உண்டு. கட்டளையைக் காக்க விரும்பி மனிதத்தன்மையை மறப்பவனும் உண்டு. இருவரையும் மேலதிகாரிகள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அடுத்து இரண்டு பட்டிகளுடன் கோப்ரல், மூன்றுடன் சார்ஜன்ட், அதற்குமேல் ஸ்டாஃப் சார்ஜன்ட். ஒவ்வொரு படிக்கும் பயிற்சிநெறி உண்டு, பரீட்சை உண்டு. வரைபடம் வாசித்தல், ஆயுத அறிவு, அணிவகுப்பு, படைச்சட்டம், கணக்குப் பதிவு ஆகியவற்றில் தேற வேண்டும். மருத்துவச் சோதனையில் உடல்தகுதி குறையக்கூடாது. தண்டனைப் பதிவேட்டில் பெயர் இருக்கக்கூடாது. பொறியியல், சமிக்ஞை போன்ற தொழில்நுட்பப் பிரிவுகளில் இவற்றோடு தொழிற்பரீட்சையும் சேர்ந்துகொள்ளும். அங்கே இயந்திரம் திருத்துவதில் கைதேர்ந்தவனும் வாரண்ட் நிலையை எட்டலாம்.

இவையெல்லாம் இருந்தும் போதுவதில்லை என்பதே இதன் கடுமை. பரீட்சையில் தேறியவனுக்கெல்லாம் பதவி இல்லை. இடம் காலியானால்தான் பதவி. எழுநூறு எண்ணூறு பேர் கொண்ட பட்டாளம் ஒன்றில் படையணி சார்ஜன்ட் மேஜர் ஒருவரே. அவர் முதலாம் வகுப்பு வாரண்ட் உத்தியோகத்தர். கம்பெனிக்கு ஒருவராக நிற்கும் கம்பெனி சார்ஜன்ட் மேஜர்கள் இரண்டாம் வகுப்பினர். பண்டகசாலைப் பொறுப்பு முதலிய வேறு சில இடங்களும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொரு பக்கத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. படைவீரன் 22 ஆண்டுச் சேவையில் ஓய்வூதியத்துக்கு உரியவனாகிறான். நம் இறத்தோட்டைப் பையனுக்கு அப்போது நாற்பது வயது கடந்திருக்கும். அதற்குள் வாரண்ட் கிடைத்துவிட்டால் சம்பளம் உயர்கிறது. இறுதிச் சம்பளத்தைக் கொண்டே ஓய்வூதியம் கணிக்கப்படுவதால் வாழ்நாள் முழுவதும் அந்த உயர்வு தொடர்கிறது. கிடைக்காவிட்டால் ஸ்டாஃப் சார்ஜன்டாகவே வீடு திரும்புகிறான். திறமையில் குறைந்தவன் என்று அவனைச் சொல்ல முடியாது. முன்னால் நின்றவர் ஓய்வு பெறாததே காரணமாக இருக்கலாம். பிள்ளைகளின் படிப்பு, பாதியில் நிற்கும் வீடு, முதிர்ந்த பெற்றோர் இவையனைத்தும் ஒரு காலியிடத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குடும்பங்கள் படைவீரர் வாழும் ஊர்தோறும் உண்டு. பதவி உயர்வு என்பது கை மாறும் பட்டிகளின் கதை மட்டுமன்று.

தெரிவில் கட்டளை அதிகாரியின் பரிந்துரைக்கு மிகுந்த நிறை உண்டு. அவர் எதைப் பார்க்கிறார்? நல்ல சார்ஜன்ட் தன் முப்பது பேரை நன்றாக நடத்துகிறான். தானே முன்னின்று செய்கிறான். தன் கையின் திறமையால் அறியப்படுகிறான். வாரண்ட் உத்தியோகத்தருக்கோ அத்திறமை மட்டும் போதாது. மற்ற சார்ஜன்ட்களை நன்றாக நடக்கச் செய்ய அவரால் முடிய வேண்டும். எல்லாவற்றையும் தானே செய்து பழகியவனுக்கு இது எளிதன்று. சிறந்த சார்ஜன்ட்களிற் சிலர் மோசமான சார்ஜன்ட் மேஜர்களாவது இதனாலேதான் என்பது என் கருத்து.

அவருடைய கடமைகளைச் சற்று நோக்குவோம். அணிவகுப்பும் ஒழுக்கமும் அவர் பொறுப்பு என்பதை எல்லோரும் அறிவர். மைதானத்தில் அவர் குரல் கேட்டால் மரத்துக் காகமும் எழுந்துவிடும் என்பார்கள். ஆனால் அணிவகுப்பு மைதானம் அவருடைய நாளில் ஒரு சிறு பகுதியே. இன்று இரவு காவலுக்கு யார், விடுமுறை யாருக்கு, எவனுடைய தாய் நோயுற்றிருக்கிறாள், எவன் கடன்பட்டிருக்கிறான், எவன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை ஆகியவை அவர் அறிந்திருக்க வேண்டியவை. போர்க்களத்தில் கம்பெனி சார்ஜன்ட் மேஜரின் முதற் கவலை தோட்டாவும் காயப்பட்டோரும். முன்னணியில் நிற்பவனுக்குத் தோட்டா சென்று சேரவேண்டும். காயப்பட்டவன் பின்னால் வந்து சேரவேண்டும். இவ்விரண்டும் தவறினால் அதிகாரியின் திட்டம் எவ்வளவு நுட்பமானதாயினும் பயனில்லை.

பட்டாளத்துக்கு அதிகாரிகள் வருவர், போவர். இரண்டொரு ஆண்டில் கட்டளை அதிகாரியே மாறிவிடுவார். பட்டாளத்தின் பழக்கங்களை, அதன் நினைவை, அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பவர் சார்ஜன்ட் மேஜர். புதிதாக வந்த இருபத்திரண்டு வயது லெப்டினன்டுக்கு அவர் சலியூட் அடிக்கிறார், ‘சேர்’ என்று அழைக்கிறார். அதே லெப்டினன்ட் தனியே வந்து, ‘சார்ஜன்ட் மேஜர், இதை எப்படிச் செய்வது?’ என்று கேட்கிறான். கேட்கத் தெரிந்த இளைஞனே பின்னாளில் நல்ல அதிகாரியாகிறான். மரியாதை ஒரு திசையிலும் அறிவு மறு திசையிலும் பாயும் இந்த உறவுக்கு இணையாக வேறு தொழிலில் ஒன்றைக் காண்பது அரிது.

மாத்தளை நேயர்கள் தோட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். அங்கும் ஓர் ஏணி உண்டு: துரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி. கண்டக்டர் என்ற பெயரும் ஆங்கிலப் படையில் பண்டகப் பொறுப்பு வகித்த வாரண்ட் உத்தியோகத்தர் ஒருவருக்கு உரியதே. ஆனால் வேறுபாடு பெரிது. லயத்தில் பிறந்தவன் கொழுந்துக் கூடையிலிருந்து கண்டக்டர் நாற்காலிக்கு ஏறியது பழைய நாளில் அபூர்வம். படையிலோ, கீழிருந்து வராதவன் சார்ஜன்ட் மேஜர் ஆகவே முடியாது.

அந்த ஏணியின் அடிப்படியே தோட்டத்து இளைஞருக்கு நெடுங்காலம் எட்டவில்லை என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இராணுவம் பிறந்ததோ அதற்கு அடுத்த ஆண்டில். நாடற்றவனுக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? 1964இன் ஒப்பந்தம், 1988இன் சட்டம், இறுதியாக 2003இன் சட்டம் என்று அக்குறை தீர அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. வாரண்ட் நிலைக்கு ஏறுவதற்கோ பதினைந்து இருபது ஆண்டுகள் வேண்டும். வாசல் பிந்தித் திறந்தால் மேற்படிக்கு வரும் நாளும் பிந்தும். அணிவகுப்புக் கட்டளைகள் சிங்களத்தில் இருப்பதால் தமிழ் இளைஞன் அம்மொழியையும் ஐயமறக் கற்க வேண்டும். நடந்து முடிந்த நீண்ட போரின் நினைவு இரு பக்கத்துக் குடும்பங்களிலும் இருக்கிறது. அதைக் கடந்து வருவது பரீட்சையில் தேறுவதைவிடக் கடினம்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இம்முறை வேறு. இந்தியத் தரைப்படையில் நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்போர் இளநிலைக் கொமிஷன் பெற்ற அதிகாரிகள் எனப்படுவர். அவர்களும் கீழிருந்து ஏறியவர்களே. 1987இல் சியாச்சின் பனிமலையில் பரம்வீர் சக்கரம் பெற்ற பாணா சிங் அப்போது நாயிப் சுபேதார். அமெரிக்காவிலோ வாரண்ட் அதிகாரி பெரும்பாலும் தொழில்நுட்ப வல்லுநர். ஹெலிகொப்டர் ஓட்டுபவர் பலர் அந்நிலையினர். பெயர் ஒன்றாயினும் பொருள் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

நம் நாட்டில் முதலாம் வகுப்பு வாரண்டே ஏணியின் உச்சியா? முற்றிலும் அப்படியன்று. தெரிந்தெடுக்கப்பட்ட சிலருக்குப் பண்டகப் பொறுப்பு அதிகாரியாகக் கொமிஷன் வழங்கப்படுகிறது. லெப்டினன்டாகவும் கப்டனாகவும் தோளில் நட்சத்திரம் ஏறுகிறது. ஆனால் பட்டாளம் முழுவதும் திரும்பிப் பார்க்கும் ஒரே மனிதராக இருந்தவர், அதிகாரிகளின் உணவுமண்டபத்தில் வயதில் மூத்த, பதவியில் இளைய ஒருவராக அமர வேண்டும். சார்ஜன்ட்களின் மண்டபத்தில் தலைமை வகித்த நாற்காலியை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். சம்பளம் கூடும், சேவைக்காலமும் நீளும். ஆகவே பெரும்பாலோர் மகிழ்வுடன் ஏற்கின்றனர். ஏற்றவரும், புதிய சார்ஜன்ட் மேஜரின் குரல் மைதானத்தில் எழும்போது அலுவலகச் சன்னலருகே சற்று நின்று கேட்பார்.