ஊசி முனையில் ஊர்ப் புத்துயிர்

பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலம் வந்துள்ள நம்மிற் பலருக்கு, பூட்டிக் கிடக்கும் ஊர் வீடொன்று நினைவில் உண்டு. சீனத்தின் செஜியாங் மாகாணத்து மலைகளிடையே அமைந்த சொங்யாங் வட்டாரமும் அத்தகையதே. அங்குள்ள ஏறத்தாழ 400 சிற்றூர்களிலிருந்து இளைஞர் நகரங்களை நாடிச் சென்றனர், முதியோரே எஞ்சினர்.

அவ்வட்டாரத்தில் 2014 அளவிற் பணி தொடங்கினார், பெய்ஜிங் நகரத்துக் கட்டடக் கலைஞர் சூ தியன்தியன் அம்மையார். பெருந்திட்டம் எதனையும் அவர் வகுத்தாரில்லை. சீன மருத்துவர் உடலில் உரிய இடத்தில் ஊசி குத்துவதுபோல, ஊருக்கு ஒரு சிறு கட்டடம் என்பதே அவர் கொண்ட முறை.

ஷிங் என்னும் சிற்றூரில் கரும்பே பயிர். சாற்றைக் கொப்பரையிற் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் தொழில் நம்மவர்க்குப் புதிதன்று. அங்கே அது பழுதுற்ற கொட்டகைகளில் நடந்து வந்தது. 2016இல் வயலோரத்தில் செங்கல்லும் எஃகும் கொண்டு ஓர் ஆலை எழுந்தது. அடுப்புகளைச் சூழ நின்று எவரும் வேலையைக் காணலாம். காய்ச்சும் பருவம் கழிந்தால் அதுவே ஊர்க்கூடம், கூத்தும் நடைபெறும். தொழிற்கூடமும் அரங்கும் ஒன்றாயிருத்தல் சிக்கனம் மட்டுமன்று. தம் உழைப்பு பிறர் காணத் தக்கது என்னும் எண்ணம் உழவரிடையே தோன்ற அது இடமளிக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

சைஜாய் என்னும் ஊரில் சோயா மொச்சையிலிருந்து தோஃபு செய்வர். வீட்டில் செய்த பண்டத்திற்கு உணவுத் துறைச் சான்று கிட்டாமையால் பெருங்கடைகளில் அதனை விற்க இயலவில்லை. 2018இல் மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் மரக்கட்டடம் ஒன்று அமைந்தது. ஒவ்வொரு படியிலும் தொழிலின் ஒவ்வொரு கட்டம் நிகழும்.

வேடிக்கை பார்க்க வருவோர் மிகுந்தால் ஊரே காட்சிப் பொருளாகிவிடுமோ என்னும் ஐயம் நமக்கு இல்லாமலில்லை. ஆயினும் சர்க்கரையும் தோஃபுவும் விற்பனைக்குரியவை. வருவோர் குறைந்தாலும் அவை சந்தைக்குப் போகும்.

ஹெங்கெங் என்னும் ஊரிலோ கட்டுமானமே இல்லை. வளர்ந்து நிற்கும் மூங்கில்களை வளைத்துப் பின்னி, 2015இல் ஓர் அரங்கம் ஆக்கினர். முதிர்ந்த மூங்கில் பட்டுப்போகுங்கால், புதிதாய் முளைத்ததை ஊரார் வளைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.