யார் வெல்வார்?



வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் கணியம்பாடி என்னும் ஊர் இருக்கிறது. அது என் ஊர். பண்டைத் தமிழில் 'கணி' என்றால் நாளும் கோளும் கணித்துக் காலத்தை அறிந்து கூறுபவன் என்று பொருள். கணியன் பூங்குன்றனார், கணிமேதாவியார் என்னும் புலவர் பெயர்களில் அச்சொல்லைக் காண்கிறோம். தினை கொய்யும் காலத்தைத் தன் பூவினால் அறிவித்த வேங்கை மரத்துக்கும் கணி என்று பெயர் உண்டு. எங்கள் ஊர்ப் பெயரும் அதிலிருந்து பிறந்ததே என்று வாதாட நான் இன்று வரவில்லை. ஆனால், பங்குனி, சித்திரை மாதங்களில் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் வந்து அமர்ந்தீர்களானால், ஊரில் உள்ளவர் அனைவரும் கணியர்களே என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

தோல் பதனிடும் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் அவ்வாரத்து வேலையை முடித்து வந்தவர்கள் ஒரு பக்கம் இருப்பார்கள். கல்லூரி விடுதியிலிருந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் மற்றொரு பக்கம் நிற்பார்கள். பேச்செல்லாம் கிரிக்கெட்டுப் பேச்சுத்தான். சனியும் ஞாயிறும் இரண்டிரண்டு ஐ.பி.எல். ஆட்டங்கள் நடக்கும் வாரமென்றால், நான்கு ஆட்டங்களுக்கும் முடிவு அங்கேயே தீர்மானமாகிவிடும். "சென்னைதான், இதில் ஐயத்துக்கே இடமில்லை" என்பார் ஒருவர். திங்கட்கிழமையன்று அவரைக் கேட்டால், நாணயச் சுண்டலில் தோற்றதனால் வந்த வினை என்பார். இரவுப் பனியில் பந்து நழுவியது என்பார். சொன்னபடி நடந்துவிட்டாலோ, "நான் அன்றே சொல்லவில்லையா?" என்று ஒரு தேநீருக்கு மேல் இன்னொரு தேநீர் வாங்கிக் கொடுப்பார். 2008-ஆம் ஆண்டில் அப்போட்டி தொடங்கிய நாள்முதல் இப்பேச்சை நான் கேட்டு வருகிறேன். ஆட்டத்துக்கு முன்னால் தம் சொல்லைத் தாளில் எழுதி வைத்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

2024-ஆம் ஆண்டுச் சித்திரையில், எங்கள் தெருவைச் சேர்ந்த பையன் ஒருவன் என்னிடம் வந்தான். வேலூரில் பொறியியல் படிப்பவன்; பள்ளியில் என்னிடம் கணக்குப் படித்தவன். அவன் தாயார் காலணித் தொழிற்சாலையில் அப்பர் தைக்கும் வேலை செய்கிறார். பையன் தன் கைப்பேசியைக் காட்டி, "சார், முன்பின் தெரியாத ஒருவர் எனக்குச் செய்தி அனுப்புகிறார். யார் வெல்வார் என்று ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறார். ஐந்து ஆட்டம் சொன்னார், ஐந்தும் பலித்தது. ஒரு காசும் கேட்கவில்லை. ஆறாவது ஆட்டத்துக்கு மட்டும் கட்டணம் கேட்டார்" என்றான்.

"கட்டினாயா?" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கட்டணம் மட்டுமன்று; அந்தச் சொல்லை நம்பி, கல்லூரியின் பருவக் கட்டணத்துக்காகத் தாயார் சேர்த்துக் கொடுத்த பணம் முழுவதையும் இணையப் பந்தயத்தில் வைத்திருக்கிறான். ஆறாவது சொல் பலிக்கவில்லை. "ஐந்து சரியாகச் சொன்னவர் ஆறாவதில் எப்படித் தவறினார், சார்?" என்பதுதான் அவன் கேட்ட கேள்வி. பணம் போனதைவிட அதுவே அவனுக்குப் பெரிய புதிராக இருந்தது. அவனுக்கு நான் கூறிய விடையைத்தான் இன்று உங்களுக்கும் கூறப் போகிறேன்.

வெற்றி யாருக்கு என்று முன்னதாக அறிய விரும்புவது நேற்றுத் தோன்றிய ஆசையன்று. முல்லைப்பாட்டைப் படித்திருப்பீர்கள். அரசன் போருக்குச் சென்றிருக்கிறான். முதிய பெண்டிர் நாழி நெல்லும் முல்லை மலரும் கொண்டு ஊர்ப்புறம் சென்று, யார் வாயிலிருந்தாவது நற்சொல் வருகிறதா என்று செவி சாய்த்து நிற்கின்றனர். தாயைக் காணாமல் வருந்தும் கன்றை ஓர் ஆயர் மகள் தேற்றுகிறாள். 'உன் தாய் இப்போது வந்துவிடுவாள்' என்னும் கருத்துப்பட அவள் கூறிய சொல்லை, அரசன் வென்று திரும்புவான் என்பதற்கு அறிகுறியாகக் கொள்கின்றனர். இதனை விரிச்சி கேட்டல் என்பர். அந்தப் பெண்டிர் யாரிடமும் கட்டணம் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் காலத்திலும் ஒரு விரிச்சி நடந்தது. 2010-ஆம் ஆண்டு உலகக் கால்பந்துப் போட்டி தென்னாப்பிரிக்காவில் நடைபெற்றபோது, சிங்கப்பூரின் குட்டி இந்தியாவில் கிளி சோதிடம் பார்த்துவந்த தமிழ் முதியவர் ஒருவரிடம் மணி என்னும் கிளி இருந்தது. இரு நாட்டுக் கொடிகள் கொண்ட இரண்டு சீட்டுகளில் ஒன்றை அது அலகால் எடுக்கும். காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் வென்ற அணிகளை அது சரியாக எடுத்தது. செருமனிக்கும் ஸ்பெயினுக்கும் நடந்த அரையிறுதியில் ஸ்பெயினை எடுத்தது, அதுவும் பலித்தது. உலகச் செய்தித்தாள்களெல்லாம் மணியைப் பற்றி எழுதின. அதே வேளையில் செருமனியின் ஓபர்ஹவுசன் நகரத்து நீர்வாழ் காட்சியகத்தில், பால் என்னும் எண்காலி, இரண்டு பெட்டிகளில் ஒன்றிலிருந்து இரையை எடுத்து வெற்றி யாருக்கு என்று காட்டி வந்தது. இறுதி ஆட்டத்துக்குக் கிளி நெதர்லாந்து என்றது. எண்காலி ஸ்பெயின் என்றது. ஜோகானஸ்பர்க்கில் 1-0 என்ற கணக்கில் ஸ்பெயின் வென்றது. எண்காலிக்கு அப்போட்டியில் 8-க்கு 8. (நம் நாட்டில் கிளியைப் பிடித்துக் கூண்டில் அடைப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குற்றமென்கிறது. பழைய தெருக்காட்சியை நினைத்து யாரும் கிளி வளர்க்கத் தொடங்கிவிட வேண்டாம்.)

கிளிக்குக் கால்பந்து தெரியுமா? தெரியாது. பின் எப்படி ஐந்தும் சரியாயின? ஒரு நாணயத்தைச் சுண்டினால் நாம் சொன்ன பக்கம் விழுவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. இரண்டு முறையும் விழுவதற்கு நான்கில் ஒன்று. மூன்று முறைக்கு எட்டில் ஒன்று. ஐந்து முறைக்கு 32-இல் ஒன்று. எட்டு முறைக்கு 256-இல் ஒன்று. 256-இல் ஒன்று என்பது அரிதுதான். ஆனால், உலகெங்கும் எத்தனை விலங்குகளும் பறவைகளும் அந்த மாதத்தில் சீட்டெடுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே தவறிய கிளியின் படத்தை எந்தச் செய்தித்தாள் வெளியிடும்? பால் எண்காலியே 2008-ஆம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் ஆறில் நான்குதான் சரியாகச் சொல்லியிருந்தது. அதை நினைவில் வைத்திருப்பவர் சிலரே.

இனிப் பையனின் புதிருக்கு வருவோம். ஓர் ஏமாற்றுக்காரன் 1024 பேருக்குச் செய்தி அனுப்புகிறான். 512 பேருக்குச் சென்னை வெல்லும் என்கிறான். மற்ற 512 பேருக்கு மும்பை வெல்லும் என்கிறான். ஆட்டம் முடிந்ததும் தவறான செய்தி பெற்றவர்களை விட்டுவிடுகிறான். எஞ்சிய 512 பேரை மீண்டும் இரு பாதியாக்குகிறான். அடுத்த ஆட்டத்துக்குப் பின் 256, அதற்கடுத்து 128, பிறகு 64, ஐந்தாவது ஆட்டத்தின் முடிவில் 32 பேர். இந்த 32 பேரும் தம் கண்ணாலேயே ஐந்து சொற்கள் பலித்ததைக் கண்டவர்கள். அவர்களுக்கு அவன் தெய்வக் கணியன். கைவிடப்பட்ட 992 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. பையனிடம் இதைத் தாளில் போட்டுக் காட்டினேன். நெடுநேரம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவர் என்னைத் தேர்ந்தெடுக்கவேயில்லை, நான் மிஞ்சிவிட்டேன், அவ்வளவுதான்" என்றான். இருபது ஆண்டுகள் கணக்கு நடத்திய நான், நிகழ்தகவை இத்தனை குறுகிய சொற்களில் ஒரு நாளும் சொன்னதில்லை.

அப்படியானால், ஆட்டத்தை நன்கறிந்தவரும் கிளியும் ஒன்றுதானா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றல்ல. எங்கள் வேலூர்ப் பகுதியில் தை மாதம் எருது விடும் விழா நடைபெறும். காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுவார்கள். குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்கும் காளைக்குப் பரிசு. அங்கே ஓர் அனுபவசாலி, காளையின் காலையும் திமிலையும், சென்ற ஆண்டு அது ஓடிய வேகத்தையும் எண்ணிச் சொல்லும் சொல் பெரும்பாலும் பலிக்கிறது. காளை தனியாக ஓடுகிறது. அதன் ஆற்றல் அப்படியே வெளிப்படுகிறது. தொழில்முறைக் குழுப் போட்டிகளில் நிலைமை வேறு. அங்கே அணிகளைச் சமமாக்குவதற்கென்றே விதிகள் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்கர் 'கால்பந்து' என்று வழங்குவது நாம் ஆடும் கால்பந்தன்று. நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அதில் 32 அணிகள் உள்ளன. 2021 முதல் ஒவ்வோர் அணியும் பருவத்துக்கு 17 ஆட்டங்கள் ஆடுகிறது, பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமைகளில். வாரந்தோறும் அத்தனை ஆட்டங்களுக்கும் வெற்றியாளரைக் குறிப்பது அங்கே ஒரு தனிக்கலை. ஆனால், 1936 முதல் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, சென்ற ஆண்டு கடைசியில் நின்ற அணிக்கே முதலில் கிடைக்கிறது. 1994 முதல் ஊதியச் செலவுக்கு வரம்பும் உண்டு. தாழ்ந்தவன் ஏறவும் உயர்ந்தவன் இறங்கவும் வழி செய்துவிட்டு, யார் வெல்வார் என்று சொல்லுங்கள் என்கிறார்கள். 1969-ஆம் ஆண்டு சனவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில், பால்டிமோர் கோல்ட்ஸ் ஏறத்தாழ 18 புள்ளி வேறுபாட்டில் வெல்லும் என்பது பந்தயக்காரர் கணிப்பு. நியூயார்க் ஜெட்ஸ் 16-7 என்று வென்றது.

நம் ஐ.பி.எல். போட்டியின் கதையும் இதுவே. 2025-ஆம் ஆண்டுப் பருவத்துக்கான ஏலத்தில் 10 அணிகளுக்கும் ஒரே அளவாக 120 கோடி ரூபாய்தான் வரம்பு. 2022-இல் குசராத், 2023-இல் சென்னை, 2024-இல் கொல்கத்தா, 2025-இல் பெங்களூரு என நான்கு ஆண்டுகளில் நான்கு வெற்றியாளர்கள். இப்படிப்பட்ட களத்தில் ஒவ்வோர் ஆட்டத்தையும் நூற்றுக்கு 60 அளவில் சரியாகச் சொல்லக்கூடிய ஒருவர் இருந்தால், அவரைத் திறமையானவர் என்றே கொள்வேன். அவருக்கும் வார இறுதியின் நான்கு ஆட்டங்களும் சரியாக அமையும் வாய்ப்பு நூற்றுக்கு 13-தான். எட்டு வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தேநீர்க் கடையில் 'ஐயமே இல்லை' என்பவருக்கு இந்தக் கணக்கைச் சொல்ல நான் இருமுறை முயன்றேன். மூன்றாம் முறை முயலவில்லை.

ஐயத்தையும் சேர்த்துச் சொல்லும் முறை ஒன்று உண்டு. அது வானிலை ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. நாளை மழை பெய்யுமா என்பதற்கு ஆம், இல்லை என்னாமல், வாய்ப்பு 0.7 என்று கூறுவார்கள். அப்படிக் கூறுபவரின் திறமையை அளக்க, 1950-ஆம் ஆண்டில் கிளென் பிரையர் என்னும் அமெரிக்க வானிலையாளர் எளியதொரு வழியை வகுத்தார். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. நீங்கள் சொன்ன எண்ணுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கமே உங்கள் தண்டம். சென்னை வெல்லும் வாய்ப்பு 0.7 என்று எழுதி, சென்னை வென்றால் தண்டம் 0.09, தோற்றால் 0.49. உறுதி என்று 1 எழுதித் தோற்றால் தண்டம் முழுதாக 1. ஒன்றும் தெரியாது என்று 0.5 எழுதுபவருக்கு எந்நாளும் 0.25. தண்டம் குறைந்தவரே சிறந்த கணியர்.

2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் நானும் அந்தப் பையனும் அவன் நண்பர் சிலரும் இவ்வாறு ஒரு குறிப்பேடு வைத்தோம். காசு கிடையாது, பந்தயம் கிடையாது. ஆட்டம் தொடங்குமுன் எண்ணை மையால் எழுத வேண்டும்; அடித்தல் திருத்தல் கூடாது. பதிவேடு எங்கள் வட்டாரத்துக்குப் புதிதன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலத் துறையினர் பல பத்தாண்டுகளாகக் கணியம்பாடி வட்டாரத்துச் சிற்றூர்களில் வீடு வீடாகப் பிறப்பையும் இறப்பையும் நோயையும் கேட்டு எழுதி வந்திருக்கிறார்கள். நடந்ததை நினைவிலிருந்து கூறுவதற்கும் அன்றன்று எழுதி வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊர்ப் பாட்டிமார்கூட அறிவர்.

என் கதையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்னை அணி மேல் எனக்கு நெடுநாளைய பற்று. அவ்வணியின் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் நான் 0.7 என்றே எழுதினேன். அந்த ஆண்டு அது 14 ஆட்டங்களில் 4 மட்டுமே வென்று, 10 அணிகளில் பத்தாவதாக நின்றது. அந்த ஆட்டங்களில் என் சராசரித் தண்டம் ஏறத்தாழ 0.38. 'தெரியாது' என்று எழுதியிருந்தால்கூட 0.25 தான் ஆகியிருக்கும். அதாவது, கணக்காசிரியராகிய நான் நாணயத்துக்கும் கீழே போனேன். குறிப்பேடு இல்லாதிருந்தால், பனியையும் நாணயச் சுண்டலையும் பழித்துவிட்டு நானும் இன்னொரு தேநீர் பருகியிருப்பேன்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதற்கு முன்பே, சூன் 3-ஆம் நாள், இறுதி ஆட்டம் அகமதாபாதில் நடைபெற்றது. பெங்களூருவும் பஞ்சாபும் மோதின. மாலையில் பையன் குறிப்பேட்டுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். பெங்களூரு வெல்லும் வாய்ப்பு 0.55 என்று எழுதியிருந்தான்.

"இவ்வளவுதானா? அந்த அணிதானே வெல்லும் என்று ஊரே பேசுகிறது" என்றேன்.

"ஊர் எழுதித் தரவில்லையே, சார். நாணயம் சுண்டுமுன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்றான்.

போட்டேன். அன்றிரவு பெங்களூரு 6 ஓட்டங்களில் வென்றது. மறுநாள் காலையில் அவன் தண்டத்தைக் கணக்கிட்டு என்னிடம் நீட்டினான்: 0.2025. "ஆண்டும் அதுவே, சார்" என்று சிரித்தான். சிரித்துவிட்டு, "இது தற்செயல்" என்று ஓரத்தில் எழுதிக்கொண்டான்.